சகோதர நகர ஒப்பந்தம் போட்டால் வெளிநாட்டுக் கம்பெனி வருமா?

கேள்வி இதுதான்: மேயர் வெளிநாடு போகிறார், அங்கே ஏதோ ஒரு நகரத்துடன் சகோதர நகர ஒப்பந்தம் (இரண்டு ஊர்களும் நட்பு ஊர்களாக இருப்போம் என்று எழுதிக்கொள்வது) போடுகிறார், போட்டோ வருகிறது. இதனால் ஊருக்குத் தொழில் ஏதாவது வருமா? வராது என்றால், ஒரு நகரம் வேறு எப்படித்தான் வெளிநாட்டு உறவை வளர்த்து, அந்நிய நிறுவனங்களை வரவழைக்கிறது?

ஒப்பந்தத்தை நம்பி யாரும் முதலீடு செய்வதில்லை. பல இடங்களில் கம்பெனிகள் வந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் ஒப்பந்தமே வருகிறது. இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு ஊரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஜெர்மனியில் இருக்கும் டுசல்டார்ஃப். ரைன் நதிக்கரையில் ஆறு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் வாழும் நகரம். சென்னையோடு ஒப்பிட்டால் சின்ன ஊர்தான். ஆனால் ஜெர்மனியில் ஜப்பானியர்கள் அதிகம் வாழ்வது பெர்லினிலோ ஹாம்பர்க்கிலோ இல்லை, இங்கேதான். சுமார் 8,000 பேர். லண்டன், பாரிஸுக்கு அடுத்தபடியாக ஐரோப்பாவில் ஜப்பானியர்கள் கூடி வாழும் பெரிய இடம் என்று இதைச் சொல்வார்கள். நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலுமாக நூற்றுக்கணக்கான ஜப்பானிய நிறுவனங்கள் இருக்கின்றன.

இப்போது ஒப்பந்தக் கணக்கைப் பாருங்கள். மியூனிக்குக்கு சப்போரோவுடன் 1972 முதல் ஒப்பந்தம். ஹாம்பர்க்குக்கு ஒசாகாவுடன் 1989 முதல். பெர்லினுக்கு டோக்கியோவுடன் 1994 முதல். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு யோகோஹாமாவுடன் 2011 முதல். டுசல்டார்ஃப் தன் முதல் ஜப்பானியக் கூட்டாளியான சிபா மாகாணத்துடன் முறையான ஒப்பந்தம் போட்டது 2019ல். அதற்குள் ஜப்பானியர்கள் அங்கே வந்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது!

அப்படியானால் அவர்கள் ஏன் வந்தார்கள்? விழா மேடைகளில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. டுசல்டார்ஃபோடு தொடர்புள்ள லூயிஸ் க்னிஃப்ளர் என்ற வணிகர் 1859லேயே நாகசாகியில் கடை போட்டார், ஜப்பானில் காலூன்றிய முதல் ஜெர்மன் வணிக நிறுவனம் அவருடையது, அதனால் இது பூர்வ ஜென்ம பந்தம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு வருடம் கழித்து மிட்சுபிஷிக்காரர்கள் வந்ததற்குக் காரணம் க்னிஃப்ளர் இல்லை, இரும்பு.

டுசல்டார்ஃபுக்குப் பக்கத்தில் இருப்பது ரூர் பகுதி. நிலக்கரி, எஃகு, கனரக இயந்திரங்கள் எல்லாம் அங்கே. ஆனால் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள், வங்கிகள், தொழில் சங்கங்கள் பல டுசல்டார்ஃபில் இருந்தன. அதனால் இந்த ஊருக்கு ‘ரூர் பகுதியின் எழுதுமேசை’ என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு. உலைக்களம் வேறு ஊரில், கையெழுத்து இந்த ஊரில். போரில் நொறுங்கிப்போன ஜப்பான் 1950களில் தன் தொழிற்சாலைகளைத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தது. இயந்திரம் வேண்டும், எஃகுத் தொழில்நுட்பம் வேண்டும், ரசாயனம் வேண்டும். வாங்க வந்தவர்கள் விற்பவர்களின் அலுவலக வாசலிலேயே கடை விரித்தார்கள். மிட்சுபிஷி வணிக நிறுவனம் 1950களின் நடுவில் வந்தது, மற்ற பெரிய வணிக நிறுவனங்களும் வரிசையாக வந்தன. அதுவரை ஜப்பானோடு வணிகம் என்றால் துறைமுக நகரமான ஹாம்பர்க்தான். சரக்கு கப்பலேறும் இடத்தைவிட ஆர்டர் முடிவாகும் இடம் முக்கியம் என்று ஆனபோது டுசல்டார்ஃப் முன்னுக்கு வந்தது.

இதில் நகராட்சியின் சாமர்த்தியம் என்று ஒன்றும் இல்லை. ஊர் இருந்த இடம் நல்ல இடம், அவ்வளவுதான். அந்த யோகம் ரூர் பகுதி ஊர்களுக்கும் இருந்தது. வாங்க வந்தவர்கள் வேலை முடிந்ததும் கிளம்பாமல் தங்கினார்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. பிற்பாடு காற்றுத் திசை மாறி, ஜப்பான் கேமராவையும் மின்னணுச் சாமான்களையும் ஐரோப்பா முழுக்க விற்க ஆரம்பித்தபோது, விற்பனை அலுவலகத்தையும் இதே ஊரில் வைத்தார்கள்.

தங்கியதற்குக் காரணம் தேடினால் ஆண்டு வரிசையே பாதி பதிலைச் சொல்லிவிடும். 1960களின் நடுவிலேயே ஜப்பானியர் சங்கமும் துணைத் தூதரகமும் வந்துவிட்டன. 1966ல் ஜப்பானிய வர்த்தகத் தொழிற்சபை. 1971ல் பள்ளிக்கூடம். 1978ல் இம்மர்மான் தெருவில் அலுவலகங்களும் ஹோட்டலும் சேர்ந்த ஜெர்மன்-ஜப்பானிய மையம். 1990களின் தொடக்கத்தில் நீடர்காசல் பகுதியில் ஒரு புத்தக் கோயில். இந்தப் பட்டியலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்தப் பள்ளிக்கூடம்.

ஜப்பானியக் கம்பெனிகளில் வெளிநாட்டு மாற்றல் என்பது சில வருடங்களுக்கு. போகச் சொன்னால் போக வேண்டும். போகிறவருக்கு முப்பத்தைந்து, நாற்பது வயது, வீட்டில் ஆரம்பப் பள்ளி வயதில் பிள்ளை. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். ஆரம்பப் பள்ளி ஆறு வருடம், நடுநிலை மூன்று வருடம், அதன் பிறகு உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வை ஒரு வீடு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று நம் ஊர் ப்ளஸ் டூ வீடுகளில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடையில் பிள்ளையை ஜெர்மன் பள்ளியில் போட்டுவிட்டு, திரும்பிப் போய் ஜப்பானிய எழுத்துகளோடு மல்லுக்கட்ட வைக்க எந்த அம்மா சம்மதிப்பார்? பள்ளி இல்லாவிட்டால் அப்பா மட்டும் தனியாக வருவார், ஒற்றை அறையில் இருப்பார், எப்போது திரும்பலாம் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பள்ளி இருந்தால் குடும்பமே வரும். குடும்பம் வந்தால் வீடு வேண்டும், மளிகை வேண்டும், தன் மொழி பேசும் குழந்தை மருத்துவர் வேண்டும்.

டுசல்டார்ஃபின் ஜப்பானியப் பள்ளி ரைனுக்கு மேற்கே ஓபர்காசல் பகுதியில் இருக்கிறது. சொந்த நாட்டுப் பாடத்திட்டம், ஒன்பது வகுப்புகள். பள்ளியைச் சுற்றியே குடும்பங்கள் வாடகைக்கு வீடு பிடித்தன. ஆற்றுக்கு இந்தப் பக்கம், ரயில் நிலையத்திலிருந்து நீளும் இம்மர்மான் தெருவில் கடைகள் முளைத்தன: ஜப்பானியப் பல்பொருள் அங்காடி, புத்தகக் கடை, ரொட்டிக் கடை, முடி திருத்துபவர், பயண முகவர். மதிய நேரத்தில் நூடுல்ஸ் கடை வாசலில் வரிசை நிற்கும். அந்தத் தெருவின் பெயர்ப்பலகையில் இப்போது ஜப்பானிய எழுத்தும் இருக்கிறது. நீடர்காசல் கோயிலைப் பார்த்தால் கியோட்டோவிலிருந்து பெயர்த்து வந்ததுபோல இருக்கும். கோயில், தோட்டம், மணி, கூடவே ஒரு மழலையர் பள்ளி. நார்ட்பார்க் பூங்காவில் இருக்கும் ஜப்பானியத் தோட்டம் 1970களில் அங்கே குடியேறிய ஜப்பானியச் சமூகம் நகரத்துக்குக் கொடுத்த பரிசு. வந்தவர்கள் நகரத்துக்குப் பரிசு கொடுக்கும் நிலை வந்துவிட்டது என்றால் உறவு நல்லபடியாகப் போகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்குப் பிறகு அடுத்த கம்பெனியைக் கூட்டி வருவது சுலபம். ஜப்பானிலிருந்து ஒரு நடுத்தர இயந்திர உதிரிபாக நிறுவனம் ஐரோப்பாவில் முதல் அலுவலகம் திறக்க நினைக்கிறது என்று வையுங்கள். ஜெர்மன் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. டுசல்டார்ஃப் வந்தால் ஜப்பானிய மொழியிலேயே பேசும் கணக்காளர், வழக்கறிஞர், வீட்டுத் தரகர், வங்கி எல்லாம் இருக்கிறார்கள். ஏற்கெனவே வந்தவர்களிடம் ‘எப்படி இருக்கிறது ஊர்?’ என்று ஒரு போன் போட்டு விசாரித்துவிடலாம். எந்த முதலீட்டு மாநாட்டு விளம்பரமும் அந்த போனுக்கு ஈடாகாது.

சரி, நகராட்சி என்னதான் செய்தது? பார்ப்பதற்கு சப்பென்று இருக்கும் வேலைகளைச் செய்தது. ஜெர்மனியில் வெளிநாட்டவருக்குக் குடியிருப்பு அனுமதி வழங்கும் அலுவலகம் நகராட்சியின் கீழ் இயங்குவது. நம் ஊரில் அது மத்திய அரசின் வேலை, மாநகராட்சிக்குச் சம்பந்தமே கிடையாது. ஜப்பானியர்களுக்கு இன்னொரு சலுகையும் ஜெர்மன் சட்டத்தில் இருக்கிறது: விசா இல்லாமல் வந்து இறங்கி, உள்ளே இருந்தபடியே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆக, வந்தவர் ஜெர்மன் அரசை முதன்முதலில் சந்திப்பதே நகராட்சி கவுண்டரில்தான். அந்த கவுண்டரில் மூன்று மாதம் அலைக்கழித்தால் மேயரின் கைகுலுக்கல் எல்லாம் வீண். டுசல்டார்ஃப் இதைப் புரிந்துகொண்டு, நிறுவனங்கள் மூலம் வருபவர்களின் பதிவையும் அனுமதியையும் கவனிக்க வர்த்தக சபையோடு சேர்ந்து தனிச் சேவை மையம் வைத்தது. நகரத்தின் பொருளாதார மேம்பாட்டுத் துறையில் ஜப்பானுக்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் கண்காட்சிகள். இதை நம் ஆட்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சிவகாசி அச்சகக்காரர்களிடம் ட்ரூபா என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அச்சு இயந்திர உலகத்தின் திருவிழா அது, 1951ல் டுசல்டார்ஃபில் தொடங்கியது. பிளாஸ்டிக் துறைக்கு ‘கே’, மருத்துவக் கருவிகளுக்கு ‘மெடிகா’, பேக்கேஜிங்குக்கு ‘இன்டர்பேக்’ எல்லாம் இதே ஊரில்தான். கண்காட்சி வளாகத்தை நடத்தும் நிறுவனத்தில் பெரும்பங்கு நகரத்துடையது. உலகத்தில் அந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் சில வருடங்களுக்கு ஒருமுறை தாங்களே டிக்கெட் எடுத்து ஊருக்குள் வந்து இறங்குகிறார்கள். மேயர் எத்தனை நாடு சுற்றினாலும் இவ்வளவு பேரைப் பார்க்க முடியாது. அதில் சிலர் ‘ஒவ்வொரு தடவையும் ஸ்டால் போடுவதற்கு இங்கேயே ஒரு சின்ன ஆபீஸ் போட்டால் என்ன?’ என்று யோசிக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு நகரம் ஏன் இவ்வளவு அக்கறையாகச் செய்கிறது? காசுதான். ஜெர்மனியில் தொழில் வரி என்று ஒன்று உண்டு. நிறுவனத்தின் லாபத்தின் மீது விதிக்கப்படும் அந்த வரியில் பெரும்பங்கு உள்ளூர் நகராட்சிக்கே போகும். விகிதத்தையும் நகர மன்றமே தீர்மானிக்கும். அடிப்படை விகிதம் 3.5 சதவீதம். அதை நகரம் தன் பெருக்கு விகிதத்தால் பெருக்கிக்கொள்ளும். டுசல்டார்ஃபின் பெருக்கு விகிதம் 440 சதவீதம், அதாவது லாபத்தில் 15.4 சதவீதம். ஒரு கம்பெனி வந்து நன்றாகச் சம்பாதித்தால் அது நகராட்சி கஜானாவில் நேரடியாகத் தெரியும். தெற்கே பக்கத்திலேயே மொன்ஹைம் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அது 2012ல் பெருக்கு விகிதத்தை 300க்கு இறக்கியது, பிறகு 250க்கும் இறக்கியது. பெரிய குழுமங்களின் துணை நிறுவனங்கள் சில அங்கே முகவரியை மாற்றிக்கொண்டன. வரியைக் குறைத்தால் முகவரி வரும், மறுக்கவில்லை. பள்ளி, மளிகைக் கடை, கோயில் வந்துவிடாது. என்னைக் கேட்டால் இரண்டாவது வகை உறவுதான் நெடுநாள் நிற்கும். வரிக்காக வந்தவருக்கு இன்னொரு ஊரின் வரி விகிதமே போதும், கிளம்பிவிடுவார்.

இப்போது சென்னையை வைத்துப் பாருங்கள். டென்வருடன் 1984 முதல், சான் அன்டோனியோவுடன் 2008 முதல் சகோதர நகர உறவு இருக்கிறது. அந்த ஒப்பந்தங்களால் வந்த தொழிற்சாலை எது என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமப்படுவோம். ஹூண்டாய் 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது எந்தக் கொரிய நகரத்துடனும் மாநகராட்சி போட்ட கையெழுத்தால் இல்லை. மாநில அரசின் சிப்காட் நிலம், பக்கத்தில் துறைமுகம், பாடியிலும் அம்பத்தூரிலும் ஏற்கெனவே வாகன உதிரிபாகம் செய்து பழகிய கைகள், இவைதான் இழுத்தன. ஹூண்டாயின் பின்னாலேயே அதற்குப் பொருள் கொடுக்கும் கொரிய நிறுவனங்கள் வந்தன. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எழுத்தில் போர்டு வைத்த உணவகங்களும் விருந்தினர் விடுதிகளும் வந்தன. டுசல்டார்ஃபில் நடந்த அதே வரிசை.

வித்தியாசம் எங்கே என்றால், இதில் மாநகராட்சிக்குச் செய்வதற்கும் ஒன்றும் இல்லை, கிடைப்பதற்கும் ஒன்றும் இல்லை. நிலம் மாநிலத்துடையது, விசா மத்திய அரசுடையது. கம்பெனி கட்டும் வருமான வரியும் ஜிஎஸ்டியும் மேலே போகின்றன. உள்ளாட்சிக்கு மிஞ்சுவது சொத்து வரியும் தொழில் வரியும். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், நம் தொழில் வரி லாபத்தின் மீது இல்லை, பெரும்பாலும் சம்பளம் வாங்குபவரின் மீது. அதிலும் ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியலமைப்பே வரம்பு கட்டியிருக்கிறது. போதாக்குறைக்கு இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. எனவே ‘நம் மேயர்கள் ஏன் இப்படி உழைப்பதில்லை’ என்று கேட்பதில் பாதி நியாயம்தான் உண்டு. பிடிக்க ஆயுதமும் இல்லை, பிடித்தால் பங்கும் இல்லை.

சகோதர நகர ஒப்பந்தமே தண்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அது பிறந்த காரணம் வேறு. டுசல்டார்ஃபுக்கும் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துக்கும் உள்ள உறவை எடுத்துக்கொள்ளுங்கள். 1947, போர் முடிந்து இரண்டே வருடம். டுசல்டார்ஃப் குண்டுவீச்சில் இடிந்து, சோற்றுக்கு அல்லாடிக்கொண்டிருந்தது. ரெடிங்கின் மேயராக இருந்த ஃபீபி கஸ்டன் என்ற பெண்மணி அந்த ஊரின் குழந்தைகள் சிலரை அழைத்து, தன் ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்க வைத்தார். நேற்றுவரை எதிரி நாட்டுப் பிள்ளைகள். தொழில் ஆதாயத்தை மனதில் வைத்துச் செய்ததில்லை அது. அந்த உறவு இன்றும் தொடர்கிறது, முறையான ஒப்பந்தமோ 1988ல்தான். இந்த வகை உறவை ‘எத்தனை கோடி முதலீடு வந்தது?’ என்ற கேள்வியால் அளப்பது அபத்தம்.

தொழிலுக்காகவே போடப்படும் ஒப்பந்தங்களும் எதிர்பார்த்த பாதையில் போவதில்லை. டுசல்டார்ஃப் 2004ல் சீனாவின் சோங்சிங் நகரத்துடன் கைகோத்தது. பக்கத்து ஊரான டுயிஸ்பர்க் 1982லேயே வூஹானுடன் கைகோத்திருந்தது. 2011ல் சோங்சிங்கிலிருந்து ஜெர்மனிக்குச் சரக்கு ரயில் ஓட ஆரம்பித்தபோது அது போய் நின்றது டுயிஸ்பர்க்கில்! சரக்கைக் கையாளும் பெரிய உள்நாட்டுத் துறைமுகம் அங்கே இருக்கிறது, வேறொன்றுமில்லை. 2014ல் சீன அதிபர் ஷி ஜின்பிங் ஜெர்மனி வந்தபோது ரயிலை வரவேற்க நின்றதும் டுயிஸ்பர்க்கில்தான். ரயிலுக்கு உறவுமுறை தெரியாது. ஆனால் ஹுவாவே போன்ற சீன நிறுவனங்கள் ஐரோப்பிய அலுவலகத்துக்கு டுசல்டார்ஃபைத் தேர்ந்தெடுத்தன. ஆசிய நிறுவனம் ஒன்று வந்து பிழைக்கத் தெரிந்த ஊர் என்ற பெயரை ஜப்பானியர்கள் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்திருந்தது இதற்கு உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நகரத்தின் வெளியுறவு எப்போதும் நாட்டின் வெளியுறவுக்குக் கட்டுப்பட்டது. 1992ல் மாஸ்கோவுடன் தொடங்கிய உறவை டுசல்டார்ஃப் 2022ல், உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, நிறுத்தி வைத்தது. அதே வருடம் உக்ரைனின் செர்னிவ்ட்சி நகரத்துடன் புதிய உறவு. அதுபோல, ஒரு நகரம் பல வருடம் பாடுபட்டுக் கொண்டுவருவதை யாரும் எதிர்பாராத ஒன்று கலைத்துவிடும். டோக்கியோவிலிருந்து டுசல்டார்ஃபுக்கு நேரடி விமானம் 2014ல் தொடங்கியபோது ஊரே கொண்டாடியது. கொரோனா வந்து நிறுத்தியது. கம்பெனிகள் அதற்காக ஊரைக் காலி செய்யவில்லை, ஏனென்றால் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். 2002 முதல் ரைன் கரையில் நடக்கும் ஜப்பான் தினத்துக்கு இன்றும் லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது, இரவில் வாணவேடிக்கை நடக்கிறது.

ஆகவே உங்கள் ஊர் மன்றத்தில் அடுத்த தடவை வெளிநாட்டுப் பயணத் தீர்மானம் வந்தால் எதிர்க்க வேண்டியதில்லை, கேள்வி கேளுங்கள். நம் ஊரில் ஏற்கெனவே இருக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் எவை, அவற்றின் உள்ளூர் நிர்வாகியை மாநகராட்சியிலிருந்து யாராவது கடைசியாக எப்போது பார்த்தார்கள்? அவர்களுடைய பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? கட்டட அனுமதிக்கும் தண்ணீர் இணைப்புக்கும் அவர்கள் எத்தனை மாதம் காத்திருந்தார்கள்? அவர்கள் மொழி தெரிந்த ஒரு ஆளாவது நம் அலுவலகத்தில் உண்டா, இருந்தால் மாற்றல் இல்லாமல் ஐந்து வருடமாவது அதே நாற்காலியில் இருப்பாரா? இவற்றுக்குப் பதில் கையில் இருந்தால், கிளம்பும் குழு யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அந்த நிர்வாகிகளே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது எந்த ஊர் மேயராகவும் இருக்காது. அவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஏதாவது ஒரு நடுத்தரக் கம்பெனியின் முதலாளியாக இருக்கும்.